பதினொரு டிகிரி

அந்த டென்னிஸ் மையத்தில் அவள் கைக்குப் பயப்படாத பெண் கிடையாது. அடிக்கிற கை அல்ல, அழுத்துகிற கை. மேசையில் மல்லாக்கப் படுக்கவைத்து, தோளின் முன்பக்கத்தில் உள்ளங்கையைப் பதித்து ஒரு அழுத்து அழுத்தினாள் என்றால் அதற்கப்புறம் அந்தத் தோள் இம்மியும் நகராது. ‘கிடுக்கி’ என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். அவள் காதுபடவே சொல்வார்கள். அவளும் கோபித்துக்கொள்வது போல் முகத்தை வைத்துக்கொள்வாளே தவிர, உள்ளூரப் பெருமைதான். வீட்டில் அவள் பெரியவள். எட்டு வயது இளைய தங்கை சின்னவள். அந்த மையத்தில் பெரியவள் உடற்பயிற்சியாளர், சின்னவள் ஆட்டக்காரி.

பெரியவளின் வேலை இருபத்திரண்டு பெண்களுக்கு உடம்பில் பலம் ஏற்றுவது. ஆனால் பலம் ஏற்றுவதில் பாதி, பலம் எங்கே ஏறக்கூடாது என்று பார்ப்பதுதான். சர்வீஸ் போட்டுப் போட்டு, அடிக்கிற கையின் பின்தோள் கொஞ்சம் கொஞ்சமாக இறுகிப்போகும். இறுகிய தோளின் மேல் மூட்டை மூட்டையாக எடையை ஏற்றினால் ஒருநாள் உள்ளே ஏதாவது கிழியும். அதற்குத்தான் அளவு. மல்லாந்து படுத்து, கையைப் பக்கவாட்டில் நீட்டி, முழங்கையை மடக்கி, விரல்கள் கூரையைப் பார்க்க வைக்க வேண்டும். பிறகு முன்கையைக் கால்பக்கமாகச் சாய்க்க வேண்டும். எவ்வளவு தூரம் சாய்கிறது என்று கோணமானி வைத்துப் பார்த்து, இடது கைக்கும் வலது கைக்கும் உள்ள வித்தியாசத்தைத் தாளில் எழுத வேண்டும். பதினெட்டு டிகிரிக்குள் இருந்தால் நல்லது. தாண்டினால் எடையைக் குறைத்து, நீட்டுகிற பயிற்சியைக் கூட்ட வேண்டும்.

இதில் ஏமாற்றுவது ரொம்ப சுலபம். தோள்பட்டை எலும்பு மேசையை விட்டுக் கொஞ்சம் எழும்பினால் போதும், கை இன்னும் பத்துப் பதினைந்து டிகிரி சாய்ந்துவிடும். பார்க்கிறவளுக்குத் தோள் வெண்ணெய் மாதிரி இளகியிருப்பதாகத் தெரியும். பெண்கள் வேண்டுமென்றே செய்வதில்லை. வலிக்கிற இடத்தைத் தப்பிக்க உடம்பு தானாகவே செய்யும் திருட்டு அது. அதைப் பிடிக்கத்தான் அந்த உள்ளங்கை. மற்றப் பயிற்சியாளர்கள் பட்டும் படாமலும் கையை வைப்பார்கள். இவள் வைத்தால் வைத்ததுதான்.

அப்படி வைக்க அவளுக்குக் காரணம் இருந்தது. பத்தொன்பது வயதில் அவளும் ஆட்டக்காரிதான். அந்தக் காலத்துக் கோச்சுக்குப் பெண்கள் என்றாலே பலம் போதாதவர்கள். நெஞ்சுக்கு எடை, தோளுக்கு எடை, காலையில் எடை, மாலையில் எடை. அளப்பதாவது ஒன்றாவது! ஒருநாள் காலையில் உள்ளாடைக் கொக்கியைப் பின்னால் மாட்டக் கை போகவில்லை. அம்மாதான் மாட்டிவிட்டாள். “வயசுப்பொண்ணுக்குக் கொக்கி மாட்டி விடறதுதான் எனக்கு மிச்சம்” என்று சிரித்தாள். மூன்று மாதத்தில் ஆட்டமே போயிற்று. ஒரு பயலும் ஏன் என்று கேட்கவில்லை. அவளாகப் படித்து, அவளாகத் தெரிந்துகொண்டாள். தெரிந்துகொண்ட பிறகு வந்த ஆத்திரம் இன்னும் போகவில்லை.

இவ்வளவும் தெரிந்தவள்தான் அதைச் செய்தாள்.

தேசிய முகாமுக்கு அந்த மையத்திலிருந்து இரண்டு பெண்களை எடுப்பதாக இருந்தது. போட்டியில் நான்கு பேர். ஆட்டத்தில் சின்னவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. அவள் சர்வீஸ் போட்டால் எதிர்ப்பக்கம் நிற்கிறவள் முதலில் ஒரு அடி பின்னால் நகர்ந்துகொள்வாள். ஆனால் தோள் அளவு எழுதிய தாளும் கூடவே போக வேண்டும், வித்தியாசம் பதினெட்டைத் தாண்டினால் எடுக்க மாட்டார்கள். ஆறு வாரத்துக்கு முன் அளந்தபோது வித்தியாசம் இருபத்தாறு.

“இருபத்தாறா?” என்றாள் சின்னவள். “என்னக்கா, கொஞ்சம் பாத்துப் போடக்கூடாதா?”

“காய்கறிக் கடையாடி இது, பாத்துப் போட? நீட்டு. காலைல, சாயங்காலம். ஒருநாள் விட்டாலும் எனக்குத் தெரிஞ்சுடும்.”

அது விளையாட்டுக்குக் கேட்டது. அதற்கப்புறம் சின்னவள் கேட்கவே இல்லை. கூடத்தில் தரையில் பக்கவாட்டில் படுத்து, இடது கையால் வலது முன்கையைத் தரையை நோக்கி அழுத்திப் பிடித்து, நிமிடக்கணக்கில் கிடப்பாள். அம்மா அவளைத் தாண்டித் தாண்டிப் போவாள். அம்மாவுக்குச் சலவைக்கடையில் இஸ்திரி போடும் வேலை.

“முப்பது வருஷமா பெட்டி தேய்க்கறேன். என் தோளை எவ அளந்தா?” என்பாள். “எந்திரிடி, கூட்டணும்.”

“இன்னும் முப்பது செகண்ட்மா.”

“உன் முப்பது செகண்டுல எனக்கு அரை வீடு கூட்டி முடிஞ்சிடும்.”

நாற்பத்திரண்டு நாளும் ஒருவேளை விடாமல் செய்தாள். அதைப் பெரியவள் கண்ணால் பார்த்தாள். அதுதான் வினை.

அளக்கிற நாள். அறையில் இருவர் மட்டும். இடது கை அறுபத்தெட்டு. வலது தோளில் உள்ளங்கையைப் பதித்து, முன்கையைச் சாய்த்து, கோணமானியைப் பார்த்தாள். நாற்பத்து நாலு. வித்தியாசம் இருபத்து நாலு. ஆறு வாரம் தரையில் கிடந்ததற்கு இரண்டே இரண்டு டிகிரி.

சின்னவள் கண்ணை இறுக்க மூடிக்கொண்டிருந்தாள். “எவ்வளவுக்கா?”

 பெரியவள் அந்த மூடிய கண்ணைப் பார்த்தாள். மனசு கிடந்து அடித்துக்கொண்டது. முகாமில் இல்லாத வசதியா? நான்கு பிசியோக்கள் இருக்கிறார்கள். போன முதல் நாளே மறுபடி அளப்பார்கள், இறுக்கம் தெரிந்துவிடும், இரண்டு மாதத்தில் சரிசெய்து விடுவார்கள். இங்கே இருந்தால் நாம்தான் கட்டிக்கொண்டு மாரடிக்க வேண்டும். வாசலைத் தாண்டி உள்ளே தள்ளிவிட்டால் போதும்.

“பொறு. சரியாப் படுக்கல நீ. மறுபடி பாக்கறேன்” என்றாள்.

மறுபடி கையை வைத்தாள். இருந்த இடம் அதேதான், கனம்தான் இல்லை. தோள்பட்டை மேசையை விட்டு எழும்புவது அவள் உள்ளங்கைக்கே தெரிந்தது. எழும்ப விட்டாள்.

“அம்பத்தேழு” என்றாள். “வித்தியாசம் பதினொண்ணு.”

சின்னவள் மேசையிலிருந்து குதித்து அவளைக் கட்டிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினாள். “பாத்தியா! பாத்தியா! அம்மா என்னமோ வீடு கூட்டணும்னாங்க!”

தலைமைக் கோச் தாளை வாங்கிப் பார்த்தார். “தங்கச்சிங்கிறதால...” என்று இழுத்தார். பிறகு அவரே சிரித்தார். “உன்கிட்டப் போய்க் கேக்கறேன் பாரு. உங்கம்மாவையே நீ ஃபெயில் பண்ணுவ.” கையெழுத்துப் போட்டார்.

முகாமுக்குப் போன மறுநாள் மாலை சின்னவள் போன் பண்ணினாள். பெரியவள் அதற்காகவே காத்திருந்தாள். “அளந்தாங்களா?” என்றாள், ஹலோ கூடச் சொல்லாமல்.

“அதை ஏன் கேக்கற! எல்லாரையும் வரிசையா நிக்க வச்சு மறுபடி அளந்தாங்க. என் தாளைப் பாத்ததும் அந்த பிசியோ, ‘ஓ, கிடுக்கி அளந்ததா? அதுக்கு மேல அளக்க என்ன இருக்கு’ன்னு தள்ளி வச்சுட்டாரு. உன் பேரு இங்க வரைக்கும் தெரிஞ்சிருக்குக்கா. எனக்கு ஒரே பெருமை.”

 வருஷக்கணக்காக ஒரு டிகிரிகூட விட்டுக்கொடுக்காமல் சேர்த்த பெயர். அந்தப் பெயரே வந்து வாசலில் நின்று மறித்துக்கொண்டது. வேறு யாராவது அளந்திருந்தால் மறுபடி பார்த்திருப்பார்கள்.

“எந்தக் குழுவுல போட்டிருக்காங்க உன்னை?”

“ரெண்டு குழு. தோள் கொஞ்சம் இறுகி, பதினெட்டை ஒட்டி இருக்கறவங்களுக்குப் பாதி எடை, நிறைய நீட்டறது. நான் மத்த குழு. முழு எடை. தலைக்கு மேல பார் தூக்கறேன், ஒரு நாளைக்கு நூத்திருபது சர்வீஸ். செத்தேன்!” சிரித்தாள்.

அப்போதே சொல்லியிருக்கலாம். ‘அந்தக் கணக்குத் தப்புடி, மறுபடி அளக்கச் சொல்லு’ என்று ஒரே ஒரு வாக்கியம். அதைத் தொண்டைக்குள்ளேயே மென்று விழுங்கினாள். “நீட்டறதை மட்டும் விடாதே” என்று சொல்லிப் போனை வைத்தாள். பெரிய புத்திமதி!

மூன்றாவது வாரம் மறுபடி போன்.

“அக்கா, தோள் பின்னாடி சுருக்குனு இழுக்குது. பந்தைத் தொடற நேரத்துல.”

“அவங்ககிட்டச் சொல்லு.”

“சொன்னேன். பிசியோ மறுபடி அளந்து பாக்கலாமான்னு கேட்டாரு. அதெல்லாம் வேணாம், என் தோள்ல ஒண்ணும் இறுக்கம் இல்ல, பதினொண்ணுதான், எங்கக்கா அளந்ததுன்னு சொல்லிட்டேன். புது எடைதானே, பழகிடும். இல்ல?”

“அளக்கச் சொல்லுடி.”

“எதுக்கு? அளந்து வித்தியாசம் கூடியிருந்தா அந்தப் பாதி எடைக் குழுவுல தள்ளிடுவாங்க. நீ அளந்தது தப்பா என்ன?”

கேள்வி நேராக வந்து நின்றது. சின்னவள் சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. சந்தேகமே இல்லாததால் கேட்டாள்.

“இல்ல” என்றாள் பெரியவள்.

மறுநாள் அலுவலகத்தில் உட்கார்ந்து முகாம் பிசியோவுக்குக் கடிதம் தட்டினாள். ‘தயவுசெய்து வலது தோளை மறுபடி அளந்து பார்க்கவும்.’ ஏன் என்று கேட்பாரே? ‘அளந்தபோது சிறு பிழை நேர்ந்திருக்கலாம்.’ கிடுக்கிக்குப் பிழையா? அழித்தாள். மறுபடி தட்டினாள். மூன்று தரம் தட்டி மூன்று தரம் அழித்தாள். அதற்குள் பெண்கள் எடைக்கூடத்தில் வந்து நின்றுவிட்டார்கள். எழுந்து போய்விட்டாள். சாயங்காலம் எழுதிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். சாயங்காலம் எழுதவில்லை. அவளுக்கு நேரம் இல்லை என்று சொன்னால் அது இன்னொரு பொய். பயம். வெறும் பயம்.

ஆறாவது வாரம் ஒரு வியாழக்கிழமை காலை, எழுபதோ எண்பதோ சர்வீஸ் போட்டிருந்தாளாம். பந்து வலையில் போய் விழுந்தது, மட்டை அதைத் தாண்டிப் பறந்தது. சின்னவள் தோளைப் பிடித்துக்கொண்டு அப்படியே கோட்டின் மேல் உட்கார்ந்துவிட்டாளாம்.

தோள் மூட்டுக்குழியைச் சுற்றியிருக்கிற குருத்தெலும்பு விளிம்பு கிழிந்திருந்தது. அறுவை சிகிச்சை முடிந்து மூன்றாம் நாள், ஆஸ்பத்திரி அறையில் அம்மா சாப்பாடு வாங்கக் கீழே போயிருந்தாள். பெரியவள் கட்டிலுக்குப் பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

“டாக்டர் மயக்கத்துல வச்சு அளந்தாராம்” என்றாள் சின்னவள், கூரையைப் பார்த்தபடி. “இருபத்தேழு. மயக்கத்துல இருக்கறவ தோள் பொய் சொல்லாதாம். ஆறு வாரத்துல பதினொண்ணு இருபத்தேழு ஆகாதுன்னும் சொன்னாரு.”

பெரியவள் கட்டில் விரிப்பின் மடிப்பை நீவினாள்.

“நீ அன்னிக்கு ரெண்டு தடவை அளந்தே. முதல் தடவை நீ அழுத்தினப்ப எனக்கு வலிச்சுது. ரெண்டாவது தடவை வலிக்கல. நான் என்ன நினைச்சேன் தெரியுமா? தோள் இளகிடுச்சு, அதான் வலிக்கலன்னு நினைச்சேன். நாப்பத்திரண்டு நாள் தரையில கிடந்ததுக்குப் பலன்னு நினைச்சேன்.”

“உள்ள போயிட்டா அவங்க பாத்துப்பாங்கன்னு...”

“நான் கேட்டேனா?”

“இல்ல.”

“ஒரு தடவையாவது கேட்டேனா உன்னை? இருபத்துநாலுன்னு சொல்லியிருந்தா அழுதிருப்பேன். ரெண்டு நாள் உன்கூடப் பேசியிருக்க மாட்டேன். அடுத்த வருஷம் போயிருப்பேன்.” குரல் உயரவே இல்லை. “சரி, அதை விடு. பாசத்துல பண்ணின. வலிக்குதுன்னு போன் பண்ணினேனே, அப்ப? அதுவும் பாசமா?”

அம்மா பொட்டலத்தோடு உள்ளே வந்தாள். “என்ன, ரெண்டு பேரும் உம்முனு இருக்கீங்க?” என்றாள்.  அம்மா பொட்டலத்தைப் பிரித்து ஆளுக்குக் கொஞ்சம் வைத்தாள்.

விசாரணை பதினைந்து நாள் கழித்து, மையத்தின் கூட்ட அறையில் நடந்தது. இயக்குநர் அம்மாள், தலைமைக் கோச், முகாம் டாக்டர், எதிரே அக்காவும் தங்கையும். சின்னவள் கை கழுத்தில் மாட்டிய தூளியில் தொங்கியது. பெரியவள் பஸ்ஸிலேயே வார்த்தைகளைக் கோத்து வைத்திருந்தாள். ‘தப்பு என்னுடையது, தெரிந்தே செய்தேன்.’ இரண்டே வாக்கியம், ஒப்பித்து ஒப்பித்து நாக்கு தேய்ந்திருந்தது.

“ரெண்டுல ஒண்ணுதான் நடந்திருக்கணும்” என்றார் டாக்டர். “அளந்தவங்க தப்பா அளந்திருக்கணும். இல்ல, படுத்திருந்தவங்க ஏமாத்தியிருக்கணும்.”

பெரியவள் வாயைத் திறந்தாள்.

“நான்தான் ஏமாத்தினேன்” என்றாள் சின்னவள். “அவங்க குனிஞ்சு கோணமானியப் பாக்கற நேரமாப் பாத்துத் தோளைத் தூக்கிட்டேன். ரொம்ப நாள் பழகினேன் அதுக்கு. அக்காவுக்குத் தெரியாது.”

இயக்குநர் பெரியவளைப் பார்த்தார். தலைமைக் கோச்சும் பார்த்தார். பெரியவளின் திறந்த வாய் திறந்தபடியே இருந்தது. அதிலிருந்து ஒன்றும் வரவில்லை. ஒன்று மட்டும் நடந்தது: நெஞ்சில் வைத்த கல்லை எடுத்தாற்போல ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்கு உடம்பு கூசும். வாயை மூடிக்கொண்டாள்.

சின்னவளுக்கு இரண்டு வருஷத் தடை போட்டார்கள்.

வெளியே நடையில் பெரியவள் அவள் இடது கையைப் பிடித்தாள். “ஏன்டி இப்படிப் பண்ணின?”

சின்னவள் கையை உருவிக்கொண்டாள். “உனக்காகன்னு நினைச்சுக்காத. இன்னும் ஒரு வருஷம் எனக்கு இங்க சிகிச்சை அறை வேணும். மேசை வேணும், ரப்பர் பட்டை வேணும், பிசியோ வேணும். வேலை பாக்கறவங்க குடும்பத்துக்குத்தான் அதெல்லாம். உன்னை வெளிய அனுப்பிட்டா நான் எங்க போவேன்? தடை போட்டாங்க, போடட்டும். எப்படியும் இந்தக் கையால ஆட முடியாது.”

“நானே சொல்லலாம்னுதான்...”

“சொல்லேன். கதவு திறந்துதானே இருக்கு.”

கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே மூவரும் ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். சின்னவள் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். பிறகு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள்.

மூன்று மாதம் போயிற்று. இனி எந்தப் பெண்ணும் இப்படி ஏமாற்றிவிடக் கூடாது என்று இயக்குநர் ஒரு வகுப்பு ஏற்பாடு செய்தார். ஆறு மையங்களிலிருந்து பயிற்சியாளர்கள் வந்தார்கள். பாடம் நடத்த வேறு யார்? கிடுக்கிதான். திரையில் சின்னவளின் தாள், பெயர் இருந்த இடத்தில் கறுப்புப் பட்டை. பெரியவள் நன்றாகவே நடத்தினாள். தோள்பட்டை எப்படி எழும்பும், உள்ளங்கையை எங்கே வைக்க வேண்டும், கண் கோணமானிக்குப் போனாலும் கனம் ஏன் குறையக்கூடாது, எல்லாம் விளக்கினாள். கேட்டவர்கள் மாய்ந்து மாய்ந்து எழுதிக்கொண்டார்கள்.

முன்வரிசையில் ஒரு பருத்த பெண்மணி கையைத் தூக்கினாள். “ஏங்க, அந்தப் பொண்ணு எதுக்கு அப்படிப் பண்ணிச்சு? தன் தோளைத் தானே யாராவது கெடுத்துப்பாங்களா?”

இங்கே அவளை யாரும் விசாரிக்கவில்லை. அவள் ஒன்றும் சொல்ல வேண்டியதே இல்லை. ‘அடுத்த கேள்வி’ என்றுகூடப் போயிருக்கலாம்.

“அவசரம்” என்றாள். “சின்ன வயசு, பொறுமை இல்ல.”

“இந்தக் காலத்துப் பொண்ணுங்க!” என்று யாரோ பின்னாலிருந்து சொல்ல, எல்லோரும் தலையாட்டினார்கள். பெரியவளும் சேர்ந்து ஆட்டினாள்.

வகுப்பு முடிந்ததும் கோணமானியை எடுத்துக்கொண்டு சிகிச்சை அறைக்குப் போனாள். அறுவை சிகிச்சைக்கு அப்புறம் சின்னவள் தோளை முதல்முதலாக அளக்கிற நாள் அது. இத்தனை நாளும் கிடைத்த பஸ்ஸில் அவளைக் கூட்டிவந்து, திரும்பக் கூட்டிப்போய், பை தூக்கி, தண்ணீர் பாட்டில் திறந்துகொடுத்துக் கொண்டிருந்தாள். சின்னவள் வேண்டாம் என்று சொன்னதில்லை. அதனால் கொஞ்சம் கொஞ்சமாகச் சரியாகி வருவதாகப் பெரியவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

சின்னவள் மேசையில் மல்லாந்து படுத்திருந்தாள். அக்கா கையில் இருந்ததைப் பார்த்தாள்.

“நீ வேணாம். வகுப்புக்கு வந்தவங்க யாரையாவது அனுப்பு.”

“நான் சரியா அளப்பேன்டி.” குரல் கெஞ்சியது. “சத்தியமா.”

“அளப்ப. ஆனா நீ எவ்வளவு சொன்னாலும் நான் வீட்டுக்குப் போய் யோசிக்கணும். எனக்கு யோசிக்கத் தெம்பில்லக்கா. யாரையாவது அனுப்பு.”

பெரியவள் போய் அந்தப் பருத்த பெண்மணியைக் கூட்டிவந்தாள். படுத்திருப்பது யார் என்று அந்தப் பெண்மணிக்குத் தெரியாது. அப்போதுதான் கற்றுக்கொண்ட பாடம், உற்சாகமாகச் செய்தாள். உள்ளங்கையை வைத்த விதம் சுமார்தான், கட்டைவிரல் கொஞ்சம் மேலே போயிருந்தது. திருத்தச் சொல்லிப் பெரியவளுக்கு வாய் துறுதுறுத்தது. திருத்தவில்லை.

“முப்பத்தொண்ணுங்க” என்றாள் அந்தப் பெண்மணி, சங்கடத்தோடு.

ஆறு வாரம் தரையில் கிடந்த தோள், முன்பு நாற்பத்து நாலு காட்டிய தோள். சின்னவள் கண்ணை மூடியிருக்கவில்லை. அந்தப் பெண்மணியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சரிங்க” என்றாள். “முப்பத்தொண்ணு. எழுதிக்கங்க.”

அரை மணி நேரத்துக்கு முன்னால் அறிமுகமே இல்லாத ஒருத்தி, நேற்றுவரை கையைப் பட்டும் படாமலும் வைத்துக்கொண்டிருந்தவள், ஒரு எண்ணைச் சொன்னாள். சின்னவள் மறுபேச்சில்லாமல் அதை நம்பினாள். பெரியவளுக்கு அழுகைக்கு முன்னால் பொறாமைதான் வந்தது.